மூன்று வயதில் முதல் பரீட்சை

மும்பையில் நல்ல பள்ளியில் ஓர் இடம் பிடிக்க மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் குழந்தைகள் ஆங்கிலத்தில் பழத்தின் பெயர் சொல்லப் பழகுகிறார்கள். தாராவியில் அவர்களது பெற்றோர் சான்றிதழ்களுக்காக அலைகிறார்கள். இரண்டு இடத்திலும் பரீட்சை எழுதுவது என்னவோ பெற்றோர்தான்.

மாலை ஆறு மணி. மாட்டுங்கா மார்க்கெட்டின் பூக்கடைகளில் மல்லிகை முழம் போட்டு விற்கத் தொடங்கும் நேரம். மேலே ஏதோ ஒரு மாடி வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று அம்மாவின் எதிரே உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் கையில் படம் போட்ட அட்டை. "இது என்ன?" குழந்தை உற்சாகமாகச் சொல்கிறது: "வாழைப்பழம்!" அம்மாவின் முகம் வாடுகிறது. "பனானா சொல்லு கண்ணா, பனானா." பிறந்த எட்டாம் மாதத்திலிருந்து மசித்துச் சாப்பிட்டு வரும் பழத்தின் பெயர் திடீரென்று தப்பாகிப் போனது ஏன் என்று குழந்தைக்குப் புரிவதில்லை.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குழந்தைக்கு இரண்டு வயது முடிந்த தமிழ் வீடுகளில் பழகிப்போன காட்சிதான் இது. பெயர், அப்பா பெயர், நிறம், வடிவம், ஒன்றிலிருந்து இருபது, இரண்டு ஆங்கிலப் பாட்டு. கேட்கும் முன்பே பதில் வர வேண்டும். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும். விண்ணப்பமோ பல மாதங்கள் முன்பே கொடுத்தாக வேண்டும். அதற்குள் பிள்ளை 'தயாராக' வேண்டும்.

எதற்குத் தயாராக வேண்டும்? சட்டம் தடை செய்துள்ள ஒரு நேர்முகத் தேர்வுக்கு.

வாசல் இடம் மாறிய கதை

குழந்தைகளைச் சோதித்துச் சேர்ப்பது தவறு என்று இந்த நாடு சொல்லத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் பின்னணியில் இருந்தவர் ஒரு தமிழர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், 1989-ல் தமது கன்னிப் பேச்சில் அரசியல் எதையும் தொடவில்லை. குழந்தைகளின் முதுகில் ஏறியிருக்கும் புத்தக மூட்டையைப் பற்றியே பேசினார். அந்தப் பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக, விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1993-ல் வந்த அதன் அறிக்கை, நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் அறவே ஒழிக்கப்பட வேண்டும் என்றது. சின்னஞ்சிறு குழந்தைகள் மீது எழுத்தையும் எண்ணையும் திணிப்பதை ஒரு வகை வன்முறை என்றே அது வர்ணித்தது.

மகாராஷ்டிரம் அதைக் காதில் வாங்கிக்கொண்டது. மழலையர் பள்ளிச் சேர்க்கையை ஒழுங்குபடுத்த 1996-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு வந்தது 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, நன்கொடை வாங்குவதையும், குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுப்பதையும் தடை செய்கிறது. குலுக்கல் போன்ற எதேச்சையான முறையைத் தவிர வேறு எந்த வழியில் ஒரு குழந்தையை விட்டு இன்னொரு குழந்தையைத் தேர்ந்தெடுத்தாலும் அது வடிகட்டல்தான். மீறும் பள்ளிக்கு முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அதன் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை.

அப்புறம் ஏன் இத்தனை பதற்றம்?

சட்டம் 'குழந்தை' என்று குறிப்பிடுவது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. ஆனால் மும்பையின் பெயர் பெற்ற பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் உள்ளே நுழைவது நர்சரியிலோ ஜூனியர் கே.ஜி.யிலோதான். மூன்று, நான்கு வயதில் இடங்கள் நிரம்பிவிட்டால் ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர அநேகமாக இடமே இருக்காது. சட்டம் ஆறு வயது வாசலில் காவல் நிற்கிறது. கூட்டம் மூன்று வயது வாசல் வழியாகப் போய்விடுகிறது. 2013 பிப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்றம் இந்த இடைவெளியைப் பட்டவர்த்தனமாக்கியது. நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்கள் நீங்கலாக, ஆறு வயதுக்குட்பட்டோரின் நர்சரி சேர்க்கைக்குச் சட்டம் பொருந்தாது என்று கூறிய நீதிமன்றம், சட்டத்தைத் திருத்துவது பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்றது.

இன்னொரு விலக்கும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள், அரசு உதவி பெறுபவையானாலும் பெறாதவையானாலும், இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டா என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மும்பையில் நடுத்தர வர்க்கம் மொய்க்கும் பள்ளிகளில் கிறிஸ்தவ நிறுவனங்களும் மொழிச் சிறுபான்மை அமைப்புகளும் நடத்துபவை கணிசம். 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது.

இதன் விளைவு, 'நேர்காணல்' என்ற சொல் மறைந்து 'கலந்துரையாடல்' என்ற சொல் வந்திருக்கிறது. பெற்றோரை வரச் சொல்கிறார்கள். குழந்தையையும் கூட்டி வரச் சொல்கிறார்கள். ஒரு பொம்மையைக் கொடுக்கிறார்கள். கேள்வி எதுவும் கேட்காமலே போகலாம். ஆனாலும் பெற்றோருக்கு அது பரீட்சையாகத்தான் படுகிறது.

எழுத்தறிவை நம்பி வந்தவர்கள்

மாட்டுங்காத் தமிழர்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது வெறும் பள்ளிக்கூடமல்ல. குமாஸ்தா வேலைக்கும் சுருக்கெழுத்து வேலைக்கும் ரயிலேறி வந்த தலைமுறை, கையில் கொண்டுவந்த ஒரே மூலதனம் படிப்புதான். பிள்ளைகள் படிக்க வழி வேண்டும் என்று 1932-ல் மாட்டுங்காவில் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விக் கழகம், எஸ்.ஐ.இ.எஸ். என்ற மூன்றெழுத்தில் பள்ளி, கல்லூரி என்று வளர்ந்திருக்கிறது. மாட்டுங்காவில் இடம் போதாமல் செம்பூருக்கும் அதற்கு அப்பாலும் குடும்பங்கள் பெயர்ந்தபோதும், வீடு தேடும்போது முதல் கேள்வி 'பக்கத்தில் நல்ல ஸ்கூல் இருக்கா?' என்பதாகவே இருந்தது.

அந்த நம்பிக்கை வீணாகவில்லை. அதனால்தான் பயமும் பெரிதாக இருக்கிறது. தாத்தாவை மும்பைக்குக் கொண்டுவந்தது படிப்பு, அப்பாவுக்கு ஃப்ளாட் வாங்கிக் கொடுத்தது படிப்பு என்கிற வீட்டில், பேத்திக்கு 'அந்த' பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் ஏணியின் ஒரு படி உடைந்த மாதிரி. தாத்தா காலத்தில் அந்தப் படி பத்தாம் வகுப்பில் இருந்தது. இன்று அது மூன்று வயதுக்கு இறங்கி வந்திருக்கிறது.

கை இன்னும் பழுக்கவில்லை

ஆனால் மூன்று வயதுக் குழந்தையால் என்னதான் முடியும்? குழந்தை வளர்ச்சி பற்றிய அடிப்படை விஷயங்கள் இதில் தெளிவானவை. மூன்று வயதில் ஒரு குழந்தை பார்த்து வட்டம் போடும். கூட்டல் குறி மாதிரி சிலுவை போட நான்கு வயதாகும். சாய்கோடுகள் சேர்ந்த முக்கோணத்துக்கு ஐந்து வயதை எட்ட வேண்டும். ஆங்கிலத்தின் முதல் எழுத்தான 'ஏ'யில் இருப்பதே இரண்டு சாய்கோடுகள். மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் அந்த வயதில் முழுதாக உருவாகியிருப்பதில்லை. கையைப் பிடித்து எழுத வைத்தால் எழுத்து வரும். அது அம்மாவின் எழுத்து.

எண்ணும் அப்படித்தான். ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் குழந்தையிடம் 'நாலு ஸ்பூன் எடுத்துண்டு வா' என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வரும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. பந்தியில் ஆளுக்கொரு அப்பளம் வைக்கும் குழந்தை, பாட்டியோடு பல்லாங்குழிக்கு உட்கார்ந்து குழிக்கு ஐந்து சோழி போடும் குழந்தை, அட்டையைப் பார்த்து இருபது சொல்லும் குழந்தையைவிடக் கணக்கில் ஒரு படி மேலே இருக்கிறது. பட்டாணி உரிப்பதும், சப்பாத்தி மாவை உருட்டுவதும், கோலப் பொடியை விரலிடுக்கில் இழைய விடுவதும் பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கான பயிற்சிகள். இதற்கு மாதக் கட்டணம் கிடையாது.

முந்திக்கொண்டால் ஆதாயம் உண்டா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஐந்து வயதில் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 11 வயதுக்குள் பின்னவர்கள் முன்னவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். பின்லாந்தில் முறையான பள்ளிப் படிப்பு தொடங்குவதே ஏழாம் வயதில். இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கையும் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகள் விளையாட்டு வழிக் கல்விக்கானவை.

மொழி பற்றிய பயம்தான் தமிழ் வீடுகளில் அதிகம். வீட்டில் தமிழ், லிஃப்டில் ஹிந்தி, விளையாட்டுத் திடலில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம். குழந்தை குழம்பிவிடாதா என்று வீட்டுத் தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும் பெற்றோர் உண்டு. இரண்டு மூன்று மொழிகளைக் கலந்து பேசுவது பல மொழிச் சூழலில் வளரும் குழந்தைக்கு இயல்பு, நோயல்ல. காரணம் கேட்கவும், கதை சொல்லவும், சண்டை போடவும் ஒரு மொழியில் நன்றாகத் தெரிந்த குழந்தைக்கு மற்ற மொழிகள் அதன் மேல் வந்து உட்காரும். எந்த மொழியிலும் முழுதாகப் பேச வாய்ப்பில்லாத குழந்தைக்குத்தான் சிரமம். பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது.

தாராவியின் வினாத்தாள்

மாட்டுங்காவிலிருந்து ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் சற்றுத் தொலைவில் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். இங்கேயும் பெற்றோருக்குப் பரீட்சை உண்டு. பழத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை. கேட்பது காகிதம்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு. மகாராஷ்டிரத்தில் இணையம் வழியாக விண்ணப்பம், பிறகு குலுக்கல். பத்துப் பள்ளிகள் வரை தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் முக்கியம். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. குலுக்கலில் பெயர் வந்தால் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை.

பெயர் வந்த பிறகுதான் உண்மையான வடிகட்டல். வருமானப் பிரிவில் விண்ணப்பித்தால், குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருப்பதாகத் தாசில்தார் சான்று வேண்டும். அதாவது மாதம் 8,333 ரூபாய். மும்பையில் தோல் பட்டறையிலோ இட்லி வியாபாரத்திலோ அதற்குச் சற்று மேல் சம்பாதிப்பவர் ஏழையல்லர் என்றாகிறது. தாழ்த்தப்பட்டோர் பிரிவில் வருமான வரம்பு இல்லை. ஆனால் வேறு மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. குடிபெயர்ந்தவர் சொந்த மாநிலத்துச் சாதிச் சலுகையைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லும் 1994-லும் தீர்ப்பளித்திருக்கிறது. மகாராஷ்டிரத்திலேயே சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கு வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். பாட்டனார் தோல் கிடங்கில் வேலை பார்த்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்துக் கூலிக்கு ரசீது கொடுத்தது யார்?

வாடகை வீட்டில் இருப்பவருக்குப் பதிவு செய்த ஒப்பந்தப் பத்திரம் வேண்டும். வாய்வார்த்தையில் வாடகை நடக்கும் சந்துகளில் அதுவும் எளிதல்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் பிள்ளை பிறந்தது ஊரில். பிறப்புச் சான்றிதழ் அங்கே. அதிலும் பல சமயம் குழந்தையின் பெயர் காலியாக இருக்கும். பிறந்த ஓராண்டுக்குள் என்றால் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். இது தெரியாமல் கடைசி வாரத்தில் ஊருக்கு ரயிலேறுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் தமிழர்களுக்கே உரியது: இனிஷியல். மகாராஷ்டிர விண்ணப்பங்கள் குடும்பப் பெயர், குழந்தை பெயர், தந்தை பெயர் என்று மூன்று கட்டம் போட்டுக் கேட்கின்றன. குடும்பப் பெயர் இல்லாத தமிழர் ஒரு காகிதத்தில் தகப்பனார் பெயரையும், இன்னொன்றில் ஊர்ப் பெயரையும், மூன்றாவதில் வெறும் ஓரெழுத்தையும் எழுதிவிடுகிறார். ஒரே குழந்தை மூன்று குழந்தையாகிவிடுகிறது. குழந்தை பிறந்ததுமே ஒரு வடிவத்தை முடிவு செய்து ஆதார், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் அதையே எழுதுவது பிற்காலத் தலைவலியில் பாதியைத் தவிர்க்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால் இது இன்னும் முக்கியமாகிறது. அதே சமயம், வயதுச் சான்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு.

இந்த 25 சதவீதமும் ஒரு கட்டத்தில் கைநழுவப் பார்த்தது. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் தனியார் பள்ளிக்கு விலக்கு என்று 2024 பிப்ரவரியில் மாநில அரசு விதியை மாற்றியது. நெரிசலான மும்பையில் இதன் பொருள், ஏறக்குறைய எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும் விலக்கு என்பதுதான். பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஜூலை 19-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

எதிர்வீட்டுப் பள்ளி

பட்டியலில் பெரும்பாலோர் யோசிக்காத ஒரு பெயர் உண்டு: மாநகராட்சிப் பள்ளி. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் அமைப்பு. தமிழ் வகுப்புகளில் கூட்டம் குறைந்து, பெற்றோர் ஆங்கில வழிக்கு ஓடியதைப் பார்த்து மாநகராட்சியும் மாறியது. 2020-ல் ஜோகேஸ்வரி பூனம் நகரில் சி.பி.எஸ்.இ. பள்ளியும், மாட்டுங்கா பக்கம் உல்லன் மில் பள்ளியில் ஐ.சி.எஸ்.இ. வகுப்புகளும் தொடங்கின. பிறகு இந்த வகைப் பள்ளிகள் பெருகின. 'முனிசிபாலிட்டி ஸ்கூலா?' என்று முகம் சுளித்தவர்களே விண்ணப்பத்தோடு வர, அங்கேயும் இடத்துக்குக் குலுக்கல் நடத்த வேண்டியதாயிற்று.

முன்பள்ளிக் கல்விக்கு மும்பையில் நல்ல மரபும் உண்டு. குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்குக் கல்வி தரவென்று 1995-ல் இந்த நகரத்தில் உருவான 'பிரதம்' அமைப்பு, கோயில் திண்ணையிலும் யாரோ ஒருவர் வீட்டு முன்னறையிலும் பால்வாடி நடத்தியே வளர்ந்தது. ஒன்றாம் வகுப்புக்கு முன் அம்மாக்களைக் கூட்டி, வீட்டுப் பொருட்களை வைத்துப் பிள்ளைகளைத் தயார் செய்யும் 'பஹிலே பாவுல்' என்ற முகாம்களை மகாராஷ்டிர அரசு 2022-லிருந்து நடத்தி வருகிறது. 'முதல் அடி' என்று பொருள். அங்கே குழந்தையைத் தேர்ந்தெடுக்க யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. எதில் இன்னும் பழக்கம் வேண்டும் என்று பார்க்க மட்டுமே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூனுக்கு முன்பு

இடம் எங்கே கிடைத்தாலும், முதல் நாள் காலை வகுப்பறைக்குள் நுழையப் போவது குழந்தைதான். அன்று அதற்கு உதவப்போவது நிறங்களின் பெயரல்ல. டிபன் டப்பாவைத் தானே திறக்கத் தெரிய வேண்டும். மழைக்கால ஜூனில் செருப்பை, ரெயின்கோட்டைக் கழற்றத் தெரிய வேண்டும். சிறுநீர் வந்தால் அந்நிய முகத்திடம் ஒரு சொல்லில் சொல்லத் தெரிய வேண்டும். அந்த ஒரு சொல்லை டீச்சருக்குப் புரியும் மொழியில் கற்றுக்கொடுப்பது பத்துப் பாட்டைவிடப் பயன் தரும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்றும், படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோகும் குழந்தைக்குப் பார்வை சரியா என்றும் பார்த்துவிடுவது நல்லது. மூன்று, நான்கு வயதில் நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. இரவு பதினொரு மணி வரை டி.வி. எதிரே விழித்திருக்கும் பிள்ளை காலை வகுப்பில் அழுவதற்குப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது.

'சேஷ்டை பண்ணினா டீச்சர் அடிப்பாங்க' என்று பயமுறுத்துவதை நிறுத்தலாம். அடிப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. முதல் வாரம் குழந்தை அழுதால், அது பார்க்காத நேரம் பார்த்து நழுவாமல், 'சாப்பாட்டு மணி அடிச்சதும் வந்துடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வந்து நிற்பது நல்லது. அம்மா சொன்னால் வருவாள் என்ற அந்த நம்பிக்கைதான் குழந்தை வகுப்பறைக்குள் எடுத்துப்போகும் முதல் பாடம்.

கலந்துரையாடலில் வாய் திறக்காத குழந்தை மந்தமல்ல. முன்பின் தெரியாதவர் கேட்டால் பேசாமல் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொள்வது மூன்று வயதின் இயல்பு. இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி வரும் நாளில் அதன் எதிரே நின்று அழுவதும், 'நீ சொல்லியிருந்தா கிடைச்சிருக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் எளிது. பள்ளி மறந்துவிடும். குழந்தை மறக்காது.

மாட்டுங்கா மாடியிலும் தாராவிச் சந்திலும் அந்த அட்டையை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, பழத்தையே கையில் கொடுத்துப் பார்க்கலாம். குழந்தை தானே உரிக்கும். பாதியை அம்மாவுக்கு நீட்டும். அதற்குத் தெரிந்தது எவ்வளவு என்பது அப்போது தெரியும்.